திரையில் வரைந்த குயில்ட் துணியில் அப்படியே வருமா?

ஒரே பதிவில் நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் இருக்கிறீர்கள், ஒரு வருடமாக மற்றவர்களின் பேட்டர்ன் வாங்கிக் குயில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறீர்கள், இப்போது குயின் கட்டிலுக்கு 90 அங்குலச் சதுரத்தில் சொந்தமாக ஒன்று டிசைன் செய்ய ஆசை. எந்த மென்பொருள் வாங்கலாம், கணக்கில் நான் வீக், அளவையும் துணியையும் அதுவே சொல்லிவிடுமா, திரையில் தெரியும் நிறத்தை நம்பலாமா, என்னிடம் மேக்தான் இருக்கிறது, அதில் ஓடுமா. கூடவே ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள்: எட்டு சாய்சதுரத் துண்டுகள் நடுவில் கூடும் நட்சத்திர பிளாக் (திரும்பத் திரும்ப வரும் சதுர அலகு) ஒன்று, நீலமும் வெள்ளையுமாக 25 சின்னச் சதுரம் கொண்ட பிளாக் ஒன்று, இரண்டும் 12 அங்குலம், ஏழுக்கு ஏழாக மாறிமாறி வைத்து, சுற்றிலும் 3 அங்குல பார்டர். படத்தைப் பார்த்த பிறகு இந்த நான்குக்கும் அடியில் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருப்பது போலத் தோன்றியது. திரையில் அழகாக வந்துவிட்டது, வெட்டித் தைத்தால் இப்படியே வருமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மென்பொருள் பெயர்கள் அப்புறம்.

என்னைப் பற்றி ஒரு வரி. பல வருடமாகக் குயில்ட் தைக்கிறேன், எங்கள் ஊர் கில்டில் (குயில்ட் தைப்பவர்களின் சங்கம்) புதிதாக வருகிறவர்களுக்கு டிசைன் மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறேன், படித்தது சிவில் இன்ஜினியரிங், அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அழகுக்கு முன்னால் அளவுதான் கண்ணில் படும். மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் லாங்ஆர்ம் மெஷின் நான் ஓட்டுவதில்லை, அந்தப் பக்கம் எனக்குக் கேள்வி ஞானம்தான்.

சரி, உங்கள் 25 சதுர பிளாக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு ஐந்து சதுரம், பிளாக் 12 அங்குலம். 12-ஐ ஐந்தால் வகுத்தால் 2.4. இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் அங்குலம் விட்டால் வெட்ட வேண்டியது 2.9 அங்குலம். உங்கள் ரூலரில் 2.9 எங்கே இருக்கிறது? இருக்காது, அரைக்கால் அங்குலக் கோடுகள்தான் இருக்கும். மென்பொருளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, 2.4 என்ற சதுரத்தை அது சந்தோஷமாக வரைந்துவிடும். வெட்டும் அளவைக் கேட்டால், ரூலருக்குப் பொருந்தும் மாதிரி பக்கத்தில் இருக்கும் 2⅞-க்குத் தள்ளிச் சொல்லும். துண்டுக்கு 0.025 அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். ஐந்து துண்டு சேரும்போது அரைக்கால் அங்குலம் போய்விடும், அதாவது அந்த பிளாக் 11⅞ வரும். பக்கத்தில் நட்சத்திரம் 12. இப்படி ஒவ்வொரு சேர்ப்பிலும் ஒன்றை இழுத்து இன்னொன்றைச் சுருக்கி ஏழு வரிசை தைத்தால், விரிப்பு மேஜைமேல் தட்டையாகப் படுக்காது. தைத்தவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குறை வரைந்த இடத்தில் இருந்திருக்கும்.

ஆகவே இதை உறுதியாகச் சொல்கிறேன்: ஒரு பிளாக்கில் வரிசைக்கு எத்தனை கட்டமோ, அந்த எண்ணால் வகுபடும் அளவைத்தான் பிளாக்குக்கு வைக்க வேண்டும். மூன்று கட்டம் என்றால் 6, 9, 12. நான்கு என்றால் 8, 10, 12, ஏனென்றால் அரை அங்குலம் ரூலரில் இருக்கிறது. ஐந்து என்றால் 5, 10, 15. ஏழு கட்டம் என்றால் 7 அல்லது 14, வேறு எதுவும் வேண்டாம். வேறு வேறு கட்டம் உள்ள இரண்டு பிளாக்கை மாறிமாறி வைக்கும்போது இரண்டுக்கும் ஒத்துவரும் ஓர் அளவைத் தேட வேண்டும். உங்கள் படம் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

நட்சத்திரத்தின் கதை வேறு. 45 டிகிரி சாய்சதுரம் எட்டு வைத்துச் செய்யும் அந்த நட்சத்திரம் எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காராது, ஏனென்றால் அதன் அளவில் இரண்டின் வர்க்கமூலம் ஒளிந்திருக்கிறது. பிளாக்கின் அளவை 3.414 ஆல் வகுத்தால் சாய்சதுரத்தின் ஒரு பக்கம் கிடைக்கும், அதை 0.707 ஆல் பெருக்கி அரை அங்குலம் கூட்டினால் வெட்ட வேண்டிய பட்டையின் அகலம். 12 அங்குலத்துக்கு 2.985 வருகிறது, 3 அங்குலப் பட்டை வெட்டினால் போதும், பிளாக் 12.07 வரும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 10 அங்குலத்துக்கு 2.57 வருகிறது, இது சங்கடம்: 2½ என்று வெட்டினால் பிளாக் 9.66, 2⅝ என்று வெட்டினால் 10.26. 15 அங்குலத்துக்கு 3⅝ பட்டை வெட்டினால் 15.09. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம், குண்டூசியும் இஸ்திரிப் பெட்டியும் பார்த்துக்கொள்ளும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 12-ல் நட்சத்திரம் சரி, சதுர பிளாக் சொதப்பல். 10-ல் சதுரம் சரி, நட்சத்திரம் சொதப்பல். 15-ல் இரண்டும் சரி, சதுரம் 3 அங்குலம் வரும், 3½ வெட்டினால் போதும். 15 அங்குல பிளாக் ஐந்துக்கு ஐந்து வைத்தால் 75 அங்குலம், சுற்றிலும் 7½ அங்குல பார்டர், மொத்தம் நீங்கள் கேட்ட அதே 90. ஐந்து ஒற்றைப்படை என்பதால் நான்கு மூலையிலும் நட்சத்திரமே வரும், இப்போது உங்கள் படத்தில் இருக்கிற மாதிரியே.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். நட்சத்திரத்தில் 16 துண்டு, சதுர பிளாக்கில் 25. உங்கள் 12 அங்குலப் படத்தில் 25 நட்சத்திரம், 24 சதுர பிளாக், கூட்டினால் ஆயிரம் துண்டு. அதையே 10 அங்குல பிளாக்கில் செய்தால் ஒன்பதுக்கு ஒன்பது, 1656 துண்டு. 15 அங்குலத்தில் 13 நட்சத்திரம், 12 சதுரம், 508 துண்டு. போர்த்தப்போகும் அளவு மூன்றிலும் ஒன்றுதான். திரையில் மூன்றுக்கும் ஒரே உழைப்பு, ஒரு கிளிக். தையல் மேஜையில் ஒன்று ஒரு பருவம், ஒன்று ஒரு வருடம். மென்பொருள் வாங்குவதற்கு நல்ல காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: துணியைத் தொடுவதற்கு முன்னால் 10, 12, 15 என்று மாற்றிமாற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் மாற்றிப் பார்க்கச் சொல்லி அது உங்களைக் கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கால் அங்குலத் தையலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் மெஷினில் அது தப்பலாம். உங்கள் தையல் கால் அங்குலத்தைவிட 1/32 மட்டும் அதிகமாக விழுகிறது என்று வையுங்கள், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு துண்டிலும் அவ்வளவு போவதால் ஒரு தையலுக்கு 1/16 குறையும். எட்டுத் துண்டு வரிசையில் ஏழு தையல், கிட்டத்தட்ட அரை அங்குலம் காணாமல் போகும். அதனால்தான் பழகியவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளே தைக்கிறார்கள், மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி: 1½ அங்குலப் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½, நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் வர வேண்டும். வரும்வரை ஊசியின் இடத்தையோ வழிகாட்டியையோ நகர்த்துங்கள்.

அப்புறம், தைக்க முடியுமா என்பது. நேர் தையலில் முடியும் டிசைனும் மூலையில் திருப்பித் தைக்க வேண்டிய டிசைனும் மென்பொருளுக்கு ஒன்றுதான். உங்கள் நட்சத்திரத்தில் சாய்சதுரங்களுக்கு இடையில் பின்னணிச் சதுரமும் முக்கோணமும் உட்காரும் இடமெல்லாம் ஒய் தையல், அதாவது பாதியில் நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி தைப்பது. ஒரு வருட அனுபவத்தில் செய்யக்கூடியதுதான், ஆனால் முதல் சொந்த டிசைனில் 13 நட்சத்திரத்திலும் இது வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டாமென்றால் பின்னணிச் சதுரத்தையும் முக்கோணத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள், பிளாக் எட்டுத் துண்டாகப் பிரிந்து நேர் தையலிலேயே சேரும், துண்டு எண்ணிக்கை மட்டும் கூடும். இன்னொரு வழி, சாய்சதுரத்தை விட்டுவிட்டு நான்கு கட்ட நட்சத்திரத்துக்குப் போவது. அது 15 அங்குலத்துக்கும் ஒத்துவரும்: நடுச் சதுரம் 8, மூலைச் சதுரம் 4¼, பெரிய முக்கோணத்துக்கு 8¾ சதுரத்தை நான்காக, சிறிய முக்கோணத்துக்கு 4⅝ சதுரத்தை இரண்டாக. எல்லாம் ரூலரில் இருக்கும் எண். முக்கோணங்களுக்கு விதி இதுதான்: சதுரத்தை மூலைக்கு மூலை இரண்டாக வெட்டினால் முடித்த அளவோடு ⅞ கூட்ட வேண்டும், நான்காக வெட்டினால் 1¼. இது மாறவே மாறாது, ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

மென்பொருள் துணி எவ்வளவு என்று சொல்லுமா? சொல்லும், ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் ஒரு எண்ணைப் பொறுத்துச் சொல்லும். அமெரிக்கக் கடைகளில் குயில்ட் துணி 42 முதல் 44 அங்குல அகலம், கரையை வெட்டிவிட்டு, துவைத்துச் சுருங்கினால் கைக்கு வருவது 40-க்குப் பக்கம். 15 அங்குலத் திட்டத்தில் வரும் பன்னிரண்டு சதுர பிளாக்குகளுக்கும் சேர்த்து நீலம் மட்டும், பிளாக்குக்கு 13 வீதம், 156 சதுரம், ஒவ்வொன்றும் 3½. அகலம் 42 என்று கொடுத்தால் பட்டைக்கு 12 சதுரம், 13 பட்டை, 45½ அங்குலம், அதாவது 1⅜ கெஜம் போதும் என்று கணக்கு வரும். 40 என்று கொடுத்தால் பட்டைக்கு 11, 15 பட்டை, 52½ அங்குலம், 1½ கெஜம் வாங்கினால்கூட நுனியில்தான் நிற்கும். நானாக இருந்தால் 1¾ வாங்குவேன். எங்கள் ஊர்க் கடையில் அதே நீலம் ஒரு மாதம் கழித்துப் போனால் இருக்காது, இருந்தாலும் வேறு சாயத்தொட்டியில் வந்ததாக இருக்கும். ஒரே பக்கம் பார்க்கும் அச்சு, கோடு போட்ட துணி, ஒரு பூவை நடுவில் கொண்டுவந்து வெட்டுவது, இவற்றையெல்லாம் கணக்கு எண்ணத்தில் கொள்ளாது, இன்னும் கூடுதலாக வேண்டும். மறுபக்கம், சின்னச் சதுரங்களைத் தனித்தனியாக வெட்டாமல் நீண்ட பட்டைகளைத் தைத்துவிட்டுக் குறுக்கே வெட்டினால் வேலை பாதியாகும், மென்பொருள் அச்சிட்டுத் தரும் வெட்டுப் பட்டியல் பெரும்பாலும் அந்த வழியில் யோசிப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் சொல்லும்.

நிறம். இங்கேதான் என்னால் உறுதி தர முடியாது, யாராலும் முடியாது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, துணி தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டுகிறது. உங்கள் மேக்கும் என் மேக்கும் ஒரே நீலத்தை வேறுவேறாகக் காட்டலாம், இரவில் மஞ்சள் விளக்கில் இன்னொன்று. மென்பொருளில் வரும் துணிப் படங்களை எந்தத் துணி வாங்குவது என்று முடிவு செய்ய நம்பாதீர்கள். நம்பக்கூடியது ஒன்று உண்டு: வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற வரிசை. உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் மாற்றிப் பார்த்தேன், நட்சத்திரத்தின் சிவப்பும் அதை ஒட்டி வரும் நீலச் சதுரமும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. நிறமாகப் பார்க்கும்போது தனித்தனியாகத் தெரிகிறது, பத்தடி தள்ளி நின்றால் நட்சத்திரத்தின் முனை கரைந்துவிடும். சிவப்பை இன்னும் அடர்த்தியாக்குங்கள் அல்லது நீலத்தை வெளுக்கவிடுங்கள். ஒற்றை நிறத் துணி என்றால் கோனா காட்டன் மாதிரியான வகைகளுக்கு உண்மையான துணித் துணுக்குகள் ஒட்டிய அட்டை கிடைக்கும், முந்நூறுக்கும் மேற்பட்ட நிறம் அதில் இருக்கும், அதை வாங்கி ஜன்னல் பக்கம் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அச்சுத் துணி என்றால் பூவின் அளவும் முக்கியம், ஐந்தங்குலப் பூவை மூன்றங்குலச் சதுரமாக வெட்டினால் பூ இருக்காது, ஒரு இதழும் கொஞ்சம் பின்னணியும்தான் இருக்கும். துணியை ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றுவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு ரூலரையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள், பூவின் அளவு பிளாக்கோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம்.

இனி எந்த மென்பொருள். அமெரிக்கக் குயில்ட் கில்டுகளில் அதிகம் பேசப்படுவது எலெக்ட்ரிக் குயில்ட், சுருக்கமாக ஈக்யூ. ஒஹாயோவின் பௌலிங் கிரீன் ஊரிலிருந்து 1990-களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. உருவாக்கிய டீன் நாய்மன் கணிதப் பேராசிரியர், அவர் மனைவி பென்னி மக்மாரிஸ் குயில்ட் பற்றித் தொலைக்காட்சித் தொடர் நடத்தியவர். அந்தச் சேர்க்கை மென்பொருளிலும் தெரியும். நான் சொல்லிக்கொடுப்பது 2017-ல் வந்த ஈக்யூ 8. ஆயிரக்கணக்கில் பிளாக் உள்ளேயே இருக்கிறது, புதிதாக வரையலாம், வெட்டுவதற்கான டெம்ப்ளேட்டும், அச்சிட்ட கோட்டின் மேலேயே தைக்கும் பேப்பர் பீசிங் தாளும் அச்சிடலாம். விலை மலிவில்லை. கற்க நேரம் எடுக்கும். புதியவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இடறுவது ஒரே இடத்தில்: பிளாக் வரையும்போது கோடு இன்னொரு கோட்டிலோ ஓரத்திலோ போய்த் தொடவில்லை என்றால் அது துண்டாகப் பிரியாது, நிறமும் ஏறாது. பெரிதாக்கிப் பார்த்து, கோட்டின் நுனியைக் கட்டப் புள்ளியில் உட்கார வையுங்கள், சரியாகிவிடும்.

ஆனால் உங்களுக்கு இந்த ஒரு குயில்ட்தான் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ப்ரீகுயில்ட் என்று உலாவியிலேயே ஓடுவது ஒன்று இருக்கிறது, கட்டம் சார்ந்த டிசைனுக்கும் நிறம் மாற்றிப் பார்க்கவும் வசதியானது. இன்க்ஸ்கேப் இலவசம், அளவை அங்குலத்தில் வைத்து, ஒரு பிளாக் வரைந்து பிரதி எடுத்து அடுக்கலாம், ஆனால் அதற்குத் துணி என்றால் என்னவென்றே தெரியாது, தையலுக்கு விடுவதும் கெஜக் கணக்கும் நீங்களே போட வேண்டும். 25 சதுர பிளாக் மாதிரி என்றால் எக்செல் தாளில் கட்டங்களைச் சதுரமாக்கி நிறம் நிரப்பினாலே போதும், எங்கள் கில்டில் இரண்டு பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்கள் குயில்ட் பரிசும் வாங்கியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று சொந்த டிசைன் செய்யப்போகிறீர்கள், அதிலும் கட்டத்துக்குள் அடங்காத நட்சத்திரங்களில்தான் ஆசை என்றால் ஈக்யூ வாங்குங்கள், கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

மென்பொருளே உதவாத குயில்ட்டும் உண்டு. நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் சொல்கிறேன், அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்களின் குயில்ட்டுகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்தான் முதலில் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டன, அதன் பிறகுதான் நியூயார்க் போயின. பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து, கோணல் பட்டைகளாக, கையில் இருப்பதை வைத்துச் சேர்த்துக்கொண்டே போனவை. அந்தக் கோணலைத் திரையில் வரைந்தால் செத்துப்போகும். இன்னொரு எதிர்முனை, ஏஐ உருவாக்கித் தரும் குயில்ட் படங்கள். பார்க்க மயக்கும், எண்ணிப் பார்த்தால் ஒரு நட்சத்திரத்துக்கு ஏழு முனை, பக்கத்தில் ஒன்பது, ஒரு தையல் எங்கேயும் போய்ச் சேராமல் பாதியில் நிற்கும். அதை வைத்துப் பேட்டர்ன் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள், வாங்குமுன் தைத்து முடித்த குயில்ட்டின் புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சிடும்போது ஒரே ஒரு கவனம்: அச்சுப் பெட்டியில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கு என்ற தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீதம் வையுங்கள், முதல் தாளில் இருக்கும் ஒரு அங்குலச் சோதனைச் சதுரத்தை ரூலரால் அளந்துவிட்டு மற்றதை அச்சிடுங்கள். பேப்பர் பீசிங் தாள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித்தான் வரும், துணி தாளின் பின்பக்கம் போவதால் அது சரியே, பதற வேண்டாம்.

பின்பக்கத் துணியை மறந்துவிடாதீர்கள், வடிவமைக்கும் ஆர்வத்தில் எல்லோரும் மறப்பார்கள். லாங்ஆர்மில் கொடுத்துக் குயில்ட் செய்யப்போகிறீர்கள் என்றால் பக்கத்துக்கு நான்கு அங்குலம் கூடுதலாகக் கேட்பது வழக்கம், 98 அங்குலம் ஆகிறது. சாதாரண அகலத் துணி இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 84-தான் வரும், ஆக மூன்று வேண்டும், 8¼ கெஜம். 108 அங்குல அகலத் துணியில் 3 கெஜம் போதும். மேலே ஓடும் குயில்ட் தையலின் டிசைன் தனி உலகம், அதற்குத் தனி மென்பொருள், அதை உங்களுக்குத் தைத்துத் தருகிறவரிடமே கேளுங்கள். நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு (பேட்டிங்) பருத்தி என்றால் துவைத்த பிறகு 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம், 90 அங்குலம் 86, 87 ஆகும், கட்டிலுக்கு அது போதுமா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள். போதாதென்றால் பிளாக்கைத் தொடாமல் பார்டரில் இரண்டு அங்குலம் கூட்டிவிடலாம்.

மேக் கேள்விக்கு: ஈக்யூ 8 விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும், ஐபேடில் ஓடாது. ப்ரீகுயில்ட்டுக்கு உலாவி இருந்தால் போதும். இன்க்ஸ்கேப்பும் மேக்கில் வரும்.